தைனான் பெரிய மாட்சு கோயில்: போகுமுன் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

தைவானில் படிக்கவோ வேலை பார்க்கவோ வந்திருக்கும் நம்மவர்களைப் பார்க்க ஊரிலிருந்து அம்மா அப்பா வருவார்கள். தைப்பேயின் உயரக் கட்டடத்தை அரை நாளில் பார்த்து முடித்துவிடுவார்கள். "கோயில் எதுவும் இல்லையா இங்கே?" என்ற கேள்வி மறுநாள் காலையிலேயே வந்துவிடும். அப்படிக் கேட்டவர்களை நான் தெற்கே தைனானுக்குக் கூட்டிப்போவது வழக்கம். ரயிலிலும் கோயில் வாசலிலும் அவர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

மாட்சு என்பது யார்?

கடலில் போகிறவர்களைக் காக்கும் தாய். கி.பி. 960இல் சீனாவின் ஃபூஜியான் கரையோரம், மெய்சோ என்ற சின்னத் தீவில், லின் என்ற குடும்பத்தில் பிறந்த பெண் என்பது மரபு. பிறந்து ஒரு மாதம் அழவே இல்லையாம். அதனால் 'மௌனம்' என்று பொருள்படும் 'மோ' என்ற பெயர்.

அவளைப் பற்றிய கதைகளில் எல்லோருக்கும் தெரிந்தது தறிக் கதை. அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போயிருக்கிறார்கள், புயல் அடிக்கிறது. வீட்டில் தறியில் உட்கார்ந்திருந்த பெண் அப்படியே கண்மூடிச் சாய்கிறாள். அவள் உயிர் கடலுக்குப் போய் மூழ்கும் படகுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அம்மா பதறிப்போய் உலுக்கி எழுப்ப, பிடி நழுவி ஒருவர் மட்டும் கடலோடு போய்விடுகிறார். போனது அண்ணன் என்று சிலர், அப்பா என்று சிலர். கதை ஊருக்கு ஊர் மாறும். அம்மா எழுப்பியதுதான் வினையாயிற்று என்ற இடம் மட்டும் மாறுவதில்லை.

கல்யாணம் செய்துகொள்ளாமலே 987இல் அவள் காலம் முடிந்தது. மலையுச்சியிலிருந்து வானேறினாள் என்கிறார்கள். இளவயதில் போன கன்னிப்பெண்ணைத் தெய்வமாக வைத்துக் கும்பிடும் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. என் அம்மா பாதிக் கதையிலேயே தலையாட்டிவிட்டார்.

பெயரை எப்படிச் சொல்வது? மாசுவா, மாட்சுவா, மாஜுவா?

தமிழில் 'மாசு' என்று எழுதினால் அழுக்கு என்றாகிவிடும். அதனால் நான் மாட்சு என்றே எழுதுகிறேன். உள்ளூர் தைவானிய மொழியில் 'மா-சோ' என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும். பொருள் கிட்டத்தட்ட 'தாய்ப்பாட்டி'.

இவளுக்கு அரசாங்கம் கொடுத்த பட்டப்பெயர்களும் உண்டு. 'வானத்துத் துணைவி' என்று ஒரு காலம், 'வானத்துப் பேரரசி' என்று இன்னொரு காலம். தைனான் கோயிலின் பெயர்ப்பலகையில் இருப்பது இந்தப் பேரரசிப் பட்டம்தான்: தா தியான்ஹோ கோங், 'பெரிய வானப் பேரரசி மாளிகை'.

ஆனால் கடலோடிகளிடம் பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. புயலில் மாட்டிக்கொண்டால் பட்டப்பெயரைச் சொல்லி அழைக்காதே. அப்படி அழைத்தால் அவள் கிரீடம் வைத்து, பட்டு உடுத்தி, பரிவாரத்தோடு கிளம்ப வேண்டும், நேரமாகிவிடும். 'மாட்சு!' என்று கூப்பிடு, தலைவிரிகோலமாக அப்படியே ஓடிவருவாள். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதை ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கோயிலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நம்பிக்கை போதும் என்று எனக்குத் தோன்றும். ஏன் என்று கீழே வரும்.

தைவானில் நூற்றுக்கணக்கில் மாட்சு கோயில்கள் இருக்க, இதற்கு ஏன் போக வேண்டும்?

ஏனென்றால் இது கோயிலாகக் கட்டப்பட்டதில்லை, அரண்மனை.

சீனாவில் மிங் அரசு வீழ்ந்து மஞ்சூக்களின் சிங் அரசு வந்தபோது, மிங் பக்கத்தில் கடைசிவரை நின்றவர்கள் சங் குடும்பத்தார். கொக்ஸிங்கா என்று உலகம் அறியும் சங் செங்கொங் 1662இல் டச்சுக்காரர்களைத் தைவானிலிருந்து விரட்டினார். அவர் மகன் காலத்தில், 1660களில், மிங் அரச குலத்தைச் சேர்ந்த நிங்ஜிங் இளவரசர் சூ ஷுகுய் கடல் தாண்டி இங்கே வந்து சேர்ந்தார். அவருக்காகக் கட்டிய மாளிகைதான் இது.

1683இல் சிங் படை பெங்ஹூ தீவுகளில் சங் கடற்படையை நொறுக்கியது. அந்தப் படையின் தளபதி ஷி லாங் முன்பு சங் பக்கத்திலேயே இருந்தவர். கொக்ஸிங்கா இவருடைய தகப்பனாரையும் தம்பியையும் கொன்ற பிறகு அணி மாறியவர். சங் ஆட்சி சரணடையத் தீர்மானித்தது. இளவரசர் சரணடையவில்லை. தாம் சாகப்போவதாகச் சொன்னதும் ஐந்து துணைவியரும் முதலில் தூக்கிட்டுக்கொண்டார்கள். அவர்களை அடக்கம் செய்துவிட்டு இவரும் தூக்கிட்டுக்கொண்டார். விட்டுப்போன வரிகள் நான்கே நான்கு. தமிழில் சொன்னால்: பாடுபட்டுக் கடல் கடந்து ஓடிவந்தேன்; எல்லாம் தலையில் உள்ள சில மயிரிழைகளுக்காக; இன்று அது முடிந்தது; முன்னோர் என்னை ஏற்றுக்கொள்வர். முன்தலையை மழித்துப் பின்னல் போட வேண்டும் என்பது மஞ்சூ அரசின் ஆணை. அந்தப் பின்னலைப் போடாமலே செத்தேன் என்கிறார்.

அடுத்த ஆண்டே, 1684இல், ஷி லாங் அந்த மாளிகையை மாட்சு கோயிலாக்கிவிட்டார். பெங்ஹூ போரில் மாட்சு எங்கள் பக்கம் நின்றாள் என்று அவர் வீரர்கள் சொன்னார்கள். அவரும் அதையே எழுதிப் பேரரசருக்கு மனுப் போட்டார். பேரரசி என்ற பட்டம் அந்த 1684இலேயே கிடைத்தது என்பது கோயில் மரபு. 1737இல்தான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

இதில் அரசியல் இல்லாமல் இல்லை. தோற்ற இளவரசரின் வீட்டை அப்படியே விட்டால் அது நினைவிடமாகிவிடும், இடித்தால் பகையாகிவிடும். இரண்டு பக்கத்து மாலுமிகளும் கும்பிடும் தெய்வத்தை அங்கே உட்காரவைத்தால் யாரும் வாய் திறக்க முடியாது. கெட்டிக்காரத் தளபதி.

அந்தப் பழங்கதையின் தடயம் கோயிலில் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் யாரும் கைகாட்டிச் சொல்ல மாட்டார்கள், நீங்களேதான் தேட வேண்டும்.

வாசலிலிருந்து உள்ளே போகப் போகத் தரை படிப்படியாக உயரும். ஒன்றின் பின் ஒன்றாக மண்டபங்கள், நடுவே வெட்டவெளி முற்றங்கள். ஒரு பெரிய வீட்டுக்குள் போகிற உணர்வுதான் முதலில் வரும். மேடையின் கல்லில் நாகத்தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரணக் கோயிலுக்கு இது வாய்க்காது, அரண்மனைத் தகுதியின் அடையாளம்.

ஷி லாங் 1685இல் நிறுத்திய கல்வெட்டு இன்னும் உள்ளேயே இருக்கிறது. தைவானை வென்ற கதையை வென்றவரே சொல்லும் கல். கடைசி மண்டபத்தில் மாட்சுவின் தாய் தந்தையருக்குச் சன்னிதி. ஐந்து துணைவியரும் உயிர்விட்ட இடம் அதுதான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். முன்மண்டபத்தில் கூட்டம் நெரிந்தாலும் அங்கே ஆள் குறைவு. நான் யாரைக் கூட்டிப்போனாலும் முதலில் எதுவும் சொல்லாமல் அங்கே ஐந்து நிமிடம் உட்காரவைத்து, பிறகுதான் கதையைச் சொல்வேன்.

அந்த ஐந்து பெண்களுக்கும் ஊரின் தெற்குப் பக்கத்தில் தனிக் கோயில் உண்டு, அவர்கள் கல்லறையின் மேலேயே. நேரமிருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். மரநிழல் உள்ள சின்ன இடம்.

இப்போது நிற்பது முழுக்கப் பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1818இல் பெரிய தீ விபத்து. அதன்பின் நகரத்து வணிகக் கூட்டமைப்புகள் பணம் போட்டுத் திரும்ப எழுப்பின. 1985இல் முதல்நிலை நினைவுச்சின்னமாக அரசு அறிவித்தது.

கடல் தெய்வம் என்கிறீர்கள், கடலைக் காணோமே?

சரியான கேள்வி. கோயில் இன்று நகரத்தின் நட்டநடுவில், ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஆன்பிங் கடற்கரைக்குப் போக வண்டி பிடிக்க வேண்டும்.

கோயில் நகரவில்லை, கடல்தான் நகர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் தைச்சியாங் என்ற பெரிய உப்பங்கழி இதுவரை வந்து அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருக்கும் சிகான் கோபுரத்தின் அடியில் 1653இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் மிச்சம் இருக்கிறது. அந்தக் கோட்டை கழிக்கரையைப் பார்த்தபடி எழுப்பியது. பிறகு மணல் மேவி மேவிக் கரை மேற்கே தள்ளிப்போனது. 1823இல் ஒரு பெரும்புயலில் செங்வென் ஆறு தடம் மாறி வண்டலைக் கொண்டுவந்து கொட்ட, கழி தூர்ந்தது. இன்று நீங்கள் மீன்குளங்களையும் தெருக்களையும் பார்க்கிற இடத்தில் ஒரு காலத்தில் கப்பல்கள் நின்றன.

ஃபூஜியான் பக்கத்திலிருந்து தைவான் அவ்வளவு தூரமா? ஏன் இவ்வளவு பயம்?

தூரம் அதிகமில்லை, நடுவே உள்ள நீரோட்டம்தான் பொல்லாதது. 'கறுப்புநீர்ப் பள்ளம்' என்று அதற்குப் பெயர். பழமொழியே உண்டு: பத்துப் பேர் போனால் ஆறு பேர் சாவு, மூன்று பேர் தங்கல், ஒருவர் திரும்பல். அப்படிக் கிளம்பியவர்கள் சொந்த ஊர்க் கோயிலிலிருந்து சின்ன மாட்சு உருவம் ஒன்றைப் படகில் வைத்துக் கொண்டுவந்தார்கள். உயிரோடு கரையேறினால் முதல் வேலை அவளுக்கு ஒரு கூரை போடுவது. தைவானின் மேற்குக் கரையில் துறைக்குத் துறை மாட்சு கோயில் இருப்பதன் காரணம் இதுதான்.

சிலையைப் பற்றிச் சொல்லுங்கள். முகம் ஏன் தங்க நிறம்?

மாட்சுவை மூன்று முகநிறத்தில் செய்வார்கள். இளஞ்சிவப்பு என்றால் மனிதப் பெண்ணாக இருந்த நிலை. கறுப்பு என்றால் ஆபத்தில் காப்பவள். தலைமுறை தலைமுறையாக ஊதுவத்திப் புகை ஏறிக் கறுத்த சிலைகளுக்கும் அந்தப் பெயரே. தங்கம் என்றால் தெய்வநிலை, அரச மரியாதை. இங்கே அரச மரியாதை, ஆகவே தங்கம். மணிச்சரங்கள் தொங்கும் கிரீடம், மடியில் கைகள், பாதி மூடிய கண்கள்.

இரண்டு பக்கமும் நிற்கிற பூதங்களைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படலாம். ஒருவர் 'ஆயிரங்காதம் பார்ப்பவர்', கையைப் புருவத்தில் வைத்துத் தூரத்தைப் பார்ப்பார். மற்றவர் 'காற்றில் வருவதைக் கேட்பவர்', காதருகே கை வைத்திருப்பார். இருவரும் அடங்காத அசுரர்களாக இருந்து, இவளிடம் தோற்றுப் பணியாளர் ஆனவர்கள். கடலில் ஒருவன் கத்தினால் அதைக் கேட்க ஒருவர், அவன் இருக்கும் இடத்தைப் பார்க்க ஒருவர்.

தலையை நிமிர்த்தி உத்தரத்தையும் பாருங்கள். எழுத்துப் பலகைகள் அடுக்கடுக்காகத் தொங்கும். சிங் பேரரசர்கள் எழுதி அனுப்பியவையும் அவற்றில் உண்டு. யோங்செங் பேரரசர் 1726இல் கொடுத்தது 'கடலெல்லை எங்கும் தெய்வம் ஒளிர்ந்தது' என்று பொருள்படும். ஒவ்வொரு பேரரசரும் ஒரு கிரீடம் கூடுதலாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கீழே முட்டிபோட்டிருக்கும் கிழவி அதையெல்லாம் ஏறிட்டும் பார்ப்பதில்லை. "மா-சோ, பேரனுக்கு வேலை கிடைக்கணும்" என்று ஆரம்பித்துவிடுவார்.

இது புத்த கோயிலா?

இல்லை, தாவோ மரபும் நாட்டார் வழிபாடும் கலந்தது. ஆனால் உள்ளே குவான்யின் இருக்கிறாள், அதாவது பெண்ணுருவில் அவலோகிதேசுவரர். நாற்கடல் நாக அரசர்கள் இருக்கிறார்கள், நீர்த்தெய்வங்கள் இருக்கிறார்கள். யாரும் யாரையும் வெளியே போகச் சொல்வதில்லை.

செருப்பைக் கழற்ற வேண்டுமா?

வேண்டாம்! நம்மவர்களுக்கு மிகவும் சங்கடமான விஷயம் இதுதான். செருப்போடு கருவறைவரை போவதா என்று கால் கூசும். ஆனால் வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். வைக்க இடமும் கிடையாது. என் அப்பா ஒரு மணி நேரம் செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது வேறு. வாசற்படிக் கட்டையை மிதிக்காதீர்கள், தாண்டி உள்ளே போங்கள். நடுவாசல் தெய்வத்துக்கு. கோயிலைப் பார்த்து நின்றால் உங்கள் வலக்கைப் பக்கம் உள்ளது நாகவாசல், அதன் வழியே உள்ளே போக வேண்டும். இடக்கைப் பக்கம் புலிவாசல், அதன் வழியே வெளியே வர வேண்டும். நாகத்தின் வாயில் நுழைந்து புலியின் வாயிலிருந்து தப்பி வருவது மங்கலம்.

கும்பிடும் முறை என்ன? ஊதுவத்தி வாங்க வேண்டுமா?

ஊதுவத்தி உள்ளேயே இருக்கும். பக்கத்தில் உண்டியலும் இருக்கும், இயன்றதைப் போடலாம். எத்தனை குச்சி, எந்தச் சட்டியில் எத்தனை என்பதைக் கோயிலிலேயே எண் போட்டு எழுதியிருப்பார்கள். பொதுவான வரிசை இது: முதலில் வெட்டவெளியைப் பார்த்து வானத் தெய்வத்துக்கு, பிறகு மாட்சுவுக்கு, பிறகு மற்றச் சன்னிதிகள். தெரியாவிட்டால் முன்னால் போகிற பாட்டியின் பின்னாலேயே போங்கள். இந்த ஆலோசனை இதுவரை பொய்த்ததில்லை.

வேண்டும்போது முதலில் உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சொல்ல வேண்டும். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது சுலபம். எந்த மொழியில் என்று கேட்பவர்களுக்கு: நான் தமிழில்தான் சொல்கிறேன். காற்றில் வருவதைக் கேட்கிறவருக்குத் தமிழ் மட்டும் கேட்காதா?

தரையில் சிவப்புக் கட்டைகளை வீசிக்கொண்டே இருக்கிறார்களே, அது என்ன?

தெய்வத்திடம் பதில் கேட்கிறார்கள். நம் ஊரில் பூப்போட்டுப் பார்ப்பதுபோல. பிறைநிலா வடிவில் இரண்டு கட்டைகள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. தைவானிய மொழியில் 'புவே'. இரண்டையும் கையில் சேர்த்து, ஆம் இல்லை என்று பதில் வரக்கூடிய ஒரு கேள்வியைச் சொல்லி, கீழே விட வேண்டும்.

ஒன்று தட்டையாகவும் ஒன்று புடைப்பாகவும் விழுந்தால் 'ஆம்'. இரண்டிலும் தட்டைப் பக்கம் மேலே தெரிந்தால் தெய்வம் சிரிக்கிறது. கேள்வி தெளிவாக இல்லை, அல்லது பதில் உனக்கே தெரியும் என்று அர்த்தம். இரண்டும் புடைப்பு மேலே என்றால் 'இல்லை'. பெரிய விஷயத்துக்கு மூன்று முறை தொடர்ந்து 'ஆம்' விழ வேண்டும். கணக்குப்படி அது எட்டுக்கு ஒரு தடவைதான் நடக்கும். எங்களோடு வந்த பொறியியல் மாணவர் ஒருவர் இதை நடைபாதையில் எல்லோருக்கும் விளக்கிவிட்டு, தன் முனைவர் பட்டம் எப்போது முடியும் என்று கேட்கப் போனார். மூன்று முறையும் சிரிப்பு.

குறிச்சீட்டு எடுப்பதும் இதே வழிதான். சீட்டுத் தரச் சம்மதமா என்று கட்டை போட்டுக் கேட்டு, குச்சி உருவி, இதுதானா என்று மறுபடி கட்டை போட்டு உறுதி செய்துகொண்டு, அந்த எண்ணுக்குரிய செய்யுளை எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய சீனச் செய்யுள். சீனம் தெரிந்தவர்களே பொருள் கேட்கத்தான் செய்வார்கள்.

கல்யாண வரம் தரும் சன்னிதி இங்கே இருக்கிறதாமே?

இருக்கிறது. யுவே லாவ், நிலவடிக் கிழவர். யார் காலை யார் காலோடு சிவப்பு நூலால் கட்டுவது என்பது இவர் பொறுப்பு. தைனானில் பெயர்பெற்ற நிலவடிக் கிழவர்கள் நால்வர், அதில் ஒருவர் இங்கே. சனி ஞாயிறுகளில் மாட்சுவைவிட இவரிடம்தான் இளசுகள் கூட்டம். எப்படிப்பட்டவர் வேண்டும் என்று விவரமாகச் சொல்லிக் கட்டை போட்டு, 'ஆம்' விழுந்தால் சிவப்பு நூல் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார்கள். கல்யாணம் முடிந்ததும் இனிப்போடு திரும்பி வந்து நன்றி சொல்ல வேண்டும்.

பெண்களுக்குத் தடை உண்டா? உடை?

வாசலில் யாரும் எதையும் கேட்பதில்லை. மாதவிலக்கு நாட்களில் வராமலிருப்பதோ துக்கவீட்டார் ஒதுங்கியிருப்பதோ அவரவர் வழக்கம். உடைக்கும் சட்டமில்லை.

படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் கும்பிடுகிறவருக்கும் சிலைக்கும் நடுவே போய் நிற்காதீர்கள். வெளிச்சத்தைப் பளிச்சென்று அடிக்காதீர்கள்.

என்ன படைக்கலாம்?

பூ, பழம், பிஸ்கட். அன்னாசி மிக நல்லது, அதன் தைவானியப் பெயர் 'செழிப்பு வருகிறது' என்பதுபோல் ஒலிக்கும். கொய்யாவும் தக்காளியும் வேண்டாம் என்பார்கள். விதை வயிற்றில் செரிக்காமல் வெளியேறி எங்காவது முளைக்கும், ஆகவே சுத்தமில்லை என்பது காரணம். ஊதுவத்தி பாதிக்கு மேல் எரிந்தபின் படைத்ததை நீங்களே எடுத்துப்போய்ச் சாப்பிட வேண்டும், விட்டுவிட்டு வரக்கூடாது.

தமிழர்களுக்கும் மாட்சுவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக இந்தக் கோயிலுக்கு இல்லை. மணிமேகலா தெய்வம்தான் இவள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோவலனின் முன்னோரைக் கடலில் காத்த தெய்வத்தோடு குணத்தில் ஒற்றுமை உண்டு, அவ்வளவுதான்.

ஆனால் கடல்வழியில் இருவரும் பலமுறை எதிர்ப்பட்டிருக்கிறோம். மாட்சு பிறந்த தீவுக்குத் தெற்கே, அதே ஃபூஜியான் கரையில் உள்ள சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டி, 1281இல் தமிழிலேயே கல்வெட்டும் வைத்தார்கள். அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் ஆட்சியில்தான் மாட்சுவுக்கு 'வானத்துத் துணைவி' பட்டம் கிடைத்தது.

அடுத்து, மிங் அரசின் கடற்படைத் தளபதி சங் ஹோ. 1409ஆம் ஆண்டுத் தேதியோடு சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் எழுதி இலங்கையில் இவர் வைத்த கல் இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தமிழ்ப்பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு. இதே சங் ஹோ 1431இல் ஃபூஜியானின் சாங்லேயில் மாட்சுவுக்கு நன்றிக் கல் நாட்டினார். இலங்கையில் ஆண்ட அழகக்கோனார் தம்மைக் கவிழ்க்கப் பார்த்ததும், தெய்வத்தின் அருளால் சூழ்ச்சி தெரிந்து அவரைச் சிறைபிடித்ததும் அதில் வருகிறது. இலங்கைக்காரர்கள் கதையை வேறுவிதமாகச் சொல்வார்கள் என்பது வேறு.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தெலுக் ஆயர் தெருவில் 1842இல் கட்டி முடித்த தியான் ஹோக் கெங் மாட்சு கோயில்தான். அதே வரிசையில் சில எட்டு நடந்தால் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் 1830வாக்கில் எழுப்பிய நாகூர் தர்கா. கப்பலைவிட்டு இறங்கியதும் நன்றி சொல்ல இரு கூட்டத்துக்கும் அருகருகே இடம். அங்கேயும் முன்னால் இருந்த கடலைத் தூர்த்துவிட்டார்கள்.

திருவிழா எப்போது?

மாட்சுவின் பிறந்தநாள் சீன நாட்காட்டியின் மூன்றாம் மாதம் 23ஆம் நாள், ஏப்ரல் அல்லது மே மாதத்தில் வரும். தைனானில் கொண்டாட்டம் உண்டு. ஆனால் நாடே திரும்பிப் பார்ப்பது வடக்கே நடக்கும் பாதயாத்திரைகளை. தாஜியாவிலிருந்து சின்காங் போய்த் திரும்பும் யாத்திரை ஒன்பது நாள், எட்டு இரவு, சுமார் 340 கிலோமீட்டர். கிளம்பும் நாளை ஆண்டின் முதல் பௌர்ணமி இரவில் கட்டை போட்டு மாட்சுவிடமே கேட்டுத் தீர்மானிக்கிறார்கள். பாய்ஷாதுன் யாத்திரைக்குப் பாதையே கிடையாது. பல்லக்கு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் கூட்டம் ஓடும். வழியெங்கும் வீட்டுக்காரர்கள் மேசை போட்டுச் சோறும் தண்ணீரும் கொடுப்பார்கள். பல்லக்கு வரும்போது சாலையில் வரிசையாகக் குப்புறப்படுத்துத் தங்கள்மேல் அதைக் கடக்கவிடுவார்கள். கூட்டம் பிடித்தவர்கள் அதற்குப் போங்கள். கோயிலைப் பார்க்க விரும்புகிறவர்கள் சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தைனான் போங்கள்.

எப்படிப் போவது?

தைப்பேயிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றேமுக்கால் மணி. ஒரு எச்சரிக்கை: அதிவேக ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து உள்ளூர் ரயில் மாறிப் பழைய தைனான் நிலையத்துக்கு வர வேண்டும். அதிலிருந்து கோயில் நடக்கிற தூரம்தான், இருபது நிமிடம். சிகான் கோபுரத்தைக் கேட்டு வந்து, எதிரே யோங்ஃபு சாலையில் போர்த்தெய்வம் குவான் கோங் கோயிலின் நீண்ட சிவப்புச் சுவரைக் கண்டுபிடித்துவிட்டால், பக்கத்துச் சந்தில் மாட்சு. நுழைவுக் கட்டணம் இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வெயில் தாங்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளிக் காலம்.

சைவம் கிடைக்குமா?

தாராளமாக. புத்த மரபுச் சைவக் கடைகளில் வெங்காயம் பூண்டுகூட இருக்காது. 'சூ-ஷி' என்று கேளுங்கள். கோயிலைச் சுற்றி விற்கும் வெண்பூசணித் தேநீரைக் குடிக்காமல் வராதீர்கள். பெயர்தான் தேநீர், தேயிலை கிடையாது. பூசணியைச் சர்க்கரையோடு மணிக்கணக்கில் காய்ச்சி இறக்கி, ஐஸ் போட்டுத் தருவார்கள். காசி அல்வா தின்ற நாக்குக்கு அந்த வாசனை உடனே பிடிபடும்.

அசைவக்காரர்களுக்குத் தைனானின் காலை உணவு மீன்கஞ்சி. அந்த மீன் வேறெதுவுமில்லை, நம் பால்கெண்டை. தூர்ந்துபோன அந்தக் கழியோரக் குளங்களில் வளர்கிறது. முள் அதிகம், ஆனால் கஞ்சியில் முள்ளெடுத்துத்தான் போடுவார்கள்.

நினைவாக என்ன வாங்கி வரலாம்?

சின்னச் சிவப்புத் துணிப்பையில் மந்திரத்தாள் மடித்த காப்பு கிடைக்கும். வாங்கினால் போதாது, பெரிய ஊதுவத்திச் சட்டியின் புகைமேல் வலஞ்சுழியாக மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். அப்போதுதான் அதற்கு உயிர். படகுக்காரர்கள் படகில் கட்டிய காப்பு இன்று டாக்ஸிகளின் கண்ணாடியில் ஆடுகிறது. அப்பா அதை ஊருக்குக் கொண்டுபோய்த் தன் ஸ்கூட்டரில், எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறார்.